பூனையின் பல்லும் மனிதனின் கடனும்

தானமாகக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது தமிழர் வழங்கும் பழமொழி. விலை கொடுத்து வாங்கும் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தே வாங்கினர் என்பது அதனாற் பெறப்படும். மாட்டின் வயதையும் உழைக்குந் திறனையும் அதன் பல்வரிசை காட்டிவிடும். குதிரை வாணிகரும் இவ்வாறே வாய் திறந்து பார்த்து விலை பேசினர். ஆயின், மாட்டையும் குதிரையையும் போல மனிதனுக்காக உழைத்த வேறொரு பிராணியின் வாயைத் திறந்து பார்க்க நெடுங்காலம் எவருக்கும் தோன்றவில்லை. அப்பிராணி பூனை.

பூனையின் பல்லைத் தமிழ்ப் புலவர் காணாமலில்லை. குறுந்தொகையிலே ஒக்கூர் மாசாத்தியார் முல்லையின் இளமொட்டுக்கு வெருகின் சிரிப்பை உவமையாக்கினார். வெருகு என்பது காட்டுப் பூனை. அது வாயைத் திறக்கும்போது வெளிப்படும் சிறிய, கூரிய வெண்பற்களையே சிரிப்பு என்று கொண்டார் அப்புலவர். புலவர் கண்ட அப்பல்லை மருத்துவர் காண்பதற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் சென்றன. அத்துணை நீண்ட காலம் ஏன் சென்றது, இறுதியில் அறியப்பட்டது யாது, அவ்வறிவு பூனை வளர்க்கும் வீட்டாரிடம் வேண்டுவது யாது என்பன எண்ணிப் பார்க்கத்தக்கவை.

வரலாற்றினுட் புகுமுன் அப்பல்லின் அமைப்பை அறிதல் நன்று. வளர்ந்த மனிதனுக்குப் பற்கள் 32. வளர்ந்த பூனைக்கு 30. எண்ணிக்கையில் வேறுபாடு சிறிது. தொழிலிலோ மிகப் பெரிது. பூனையின் வாயின் முன்புறத்தே அரிசிமணியினும் சிறிய வெட்டும் பற்கள் 12 உள்ளன. அவற்றின் இருமருங்கிலும், மேலிரண்டும் கீழிரண்டுமாக, நான்கு வேட்டைப் பற்கள் நீண்டு நிற்கின்றன. எலியின் கழுத்தெலும்புகளின் இடையே நுழைந்து அதன் உயிரைக் கணத்திற் போக்குவன இவையே. பின்புறத்தே கன்னப் பற்கள் 14 உள்ளன. மனிதனின் கடைவாய்ப் பற்கள் அம்மியும் குழவியும் போல அரைப்பன. பூனையின் கன்னப் பற்களோ கத்தரிக்கோலின் இரு அலகுகள் போல ஒன்றையொன்று உரசி வெட்டுவன. பூனையின் தாடை மேலுங் கீழும் அசையுமேயன்றிப் பக்கவாட்டில் அசைந்து அரைக்கமாட்டாது. பிடித்தல், வெட்டல், விழுங்கல் என்னும் மூன்று தொழிலுக்காகவே அவ்வாய் அமைந்துள்ளது.

மனிதனுக்கும் பூனைக்கும் உறவு ஏற்பட்டது இப்பல்லினாலேயே. ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் மேற்காசியாவில் மக்கள் தானியம் விளைத்துச் சேமிக்கத் தொடங்கினர். களஞ்சியம் தோன்றியதும் எலி வந்தது. எலியைத் தேடிக் காட்டுப் பூனை வந்தது. வட ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் காட்டுப் பூனையினமே வீட்டுப் பூனைகளுக்கெல்லாம் முன்னோர் என்பதை 2007 ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆய்வு நிறுவியது. சைப்பிரசுத் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு புதைகுழியில் மனிதன் ஒருவனின் எலும்புக்கூட்டுக்கு அண்மையில் இளம் பூனையொன்றின் எலும்புக்கூடு கிடைத்ததாக 2004 இல் ஆய்வாளர் அறிவித்தனர். அத்தீவிற் பூனை இயற்கையாக வாழ்ந்ததில்லை. ஆகவே, கடல் கடந்து செல்லும்போது மனிதர் அதனைத் தோணியில் ஏற்றிச் சென்றனர் என்பது தெளிவு.

எகிப்தியர் பூனையைப் போற்றியதை உலகம் அறியும். பாசுத்தெற்று என்னும் பெண் தெய்வத்துக்குப் பூனை முகம் அமைத்தனர். வீட்டுப் பூனை இறந்தால் அவ்வீட்டார் புருவத்தை மழித்துத் துக்கம் காத்தனர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டசு எழுதியுள்ளார். இறந்த பூனைகளைப் பதஞ்செய்து துணியிற் சுற்றி அடக்கஞ் செய்தனர். ஆயின், போற்றுதல் வேறு, பேணுதல் வேறு. தெய்வத்துக்குக் காணிக்கையாக்குவதற்கென்றே இளம் பூனைகள் பெருந்தொகையாக வளர்க்கப்பட்டுக் கொல்லப்பட்டன என்பதை அவ்வுடல்களை ஆராய்ந்தோர் கண்டனர். இப்படி அடக்கஞ் செய்யப்பட்டவற்றுள் ஏறத்தாழ 1,80,000 உடல்கள் 1890 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்ப்பூல் துறைமுகத்துக்குக் கப்பலேற்றப்பட்டு, வயலுக்கு உரமாக விற்கப்பட்டன. ஒரு காலத்துக் காணிக்கை மற்றொரு காலத்துக்குப் பசளையாயிற்று. இரு காலத்திலும் உயிருள்ள பூனையின் நோயைப் பற்றி எண்ணியோர் மிகச் சிலரே.

பூனையின் பல் சட்டத்தில் இடம்பெற்ற நாடும் ஒன்றுண்டு. பத்தாம் நூற்றாண்டில் வேல்சு நாட்டை ஆண்ட ஹைவெல் என்னும் மன்னன் பெயரால் வழங்கும் சட்டத் தொகுதி, பூனைக்கு விலை விதித்தது. கண் திறவாத குட்டிக்கு ஒரு பென்னி. கண் திறந்து, எலி பிடிக்கத் தொடங்கும் வரையில் இரண்டு பென்னி. எலி பிடித்த பின்னர் நான்கு பென்னி. விற்கப்படும் பூனையின் செவி, கண், பல், வால், நகம் ஆகியன பழுதற்றவையாக இருத்தல் வேண்டும் என்று அத்தொகுதியின் ஒரு பாடம் கூறுகின்றது. விதித்த இலக்கணத்திற் குறை காணப்படின் விலையில் மூன்றிலொரு பங்கை விற்றவன் திருப்பிக் கொடுத்தல் வேண்டும் என்ற விதியும் அச்சட்டங்களில் உண்டு. பல்லுக்கு மதிப்பிருந்தது, ஆனால், அம்மதிப்பு ஓர் அரிவாளின் கூருக்குத் தரும் மதிப்பேயாம். கூர் கெட்ட அரிவாளுக்கு நோகாது. பல் கெட்ட பூனைக்கு நோகும் என்பதைச் சட்டம் கருதவில்லை.

இந்நோக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகள் மாறாமலிருந்தது. 1868 ஆம் ஆண்டில் இலண்டன் தபாற் கந்தோரின் காசுக்கட்டளைப் பகுதியில் எலித் தொல்லை மிகுந்தது. மூன்று பூனைகளைச் சேவையில் அமர்த்த மேலதிகாரிகள் அனுமதி வழங்கி, அவற்றின் உணவுக்கு வாரத்துக்கு ஒரு சிலிங் ஒதுக்கினர். குறைந்ததற்கு ஈடாக எலியைப் பிடித்துத் தின்னுதல் பூனைகளின் பொறுப்பு; ஆறு மாதத்தில் எலி குறையாவிடின் அவ்வுதவிப் பணமுங் குறைக்கப்படும் என்று ஆணை பிறந்தது. பல்லை நம்பிச் சம்பளம் பெற்ற அரசாங்க ஊழியரென அப்பூனைகளைச் சொல்லலாம்.

இதற்கிடையில், மனிதரின் பல்லைப் பற்றிய அறிவு வேறொரு வழியில் வளர்ந்து வந்தது. பல்லைப் புழு அரிக்கின்றது என்பது பண்டை மெசப்பொத்தேமியரின் நம்பிக்கை. நம்மவர் பூச்சிப்பல் என்று வழங்குஞ் சொல்லிலும் அந்நம்பிக்கையின் சாயல் உண்டு. 1683 ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டினரான லீவன்ஹூக்கு என்பவர் தம் பல்லிடுக்கிலிருந்த வெண்ணிறப் படிவைத் தாமே செய்த உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கினார். எண்ணற்ற நுண்ணுயிர்கள் அதில் நெளிவதைக் கண்டு, இலண்டனிலுள்ள அரச கழகத்துக்கு எழுதினார். 1728 இல் பிரான்சு நாட்டுப் பியர் போசார் என்னும் மருத்துவர் பல் மருத்துவம் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்டுப் புழுக் கொள்கையை மறுத்தார். இவ்வறிவு யாவும் மனிதர் பல்லுக்கே பயன்பட்டது.

பிராணி மருத்துவத்துக்கு ஐரோப்பாவில் முதற் கல்லூரி 1761 ஆம் ஆண்டில் பிரான்சின் லியோன் நகரில் நிறுவப்பட்டது. அதனை நிறுவிய குளோது பூர்சலா குதிரையேற்றத்தில் வல்லவர். அக்காலத்து அரசுகள் பிராணி மருத்துவத்தை நாடியது படைக் குதிரைக்காகவும், கொள்ளைநோயால் மடிந்த மாடுகளுக்காகவுமேயாம். பிராணிகளின் பல் வைத்தியம் பற்றி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த நூல்களிலும் குதிரைக்கே முதலிடம். எலி பிடிக்க இயலாத பூனைக்குப் பதிலாக வேறொரு பூனை செலவின்றிக் கிடைத்தது. செலவின்றிக் கிடைப்பதன் பல்லைப் பிடித்துப் பார்ப்பார் யார்?

இந்நிலையை மாற்றியது பூனையின் இடமாற்றம். முற்றத்திலும் களஞ்சியத்திலும் வாழ்ந்த பூனை மெல்ல மெல்ல வீட்டினுள்ளே வந்தது. 1871 ஆம் ஆண்டில் இலண்டன் பளிங்கு மாளிகையில் ஹரிசன் வெயர் என்னும் ஓவியர் பெரியதொரு பூனைக் கண்காட்சியை நடத்தினார். எலி பிடிப்பதற்காகவன்றிப் பூனைக்காகவே பூனையைப் பார்க்க மக்கள் திரண்டனர். 1947 இல் அமெரிக்காவில் எட்வேர்ட் லோ என்பவர், ஈரத்தை உறிஞ்சும் ஒருவகைக் களிமண்ணைப் பூனையின் மலசலத் தட்டுக்கென விற்கத் தொடங்கினார். சிறு பொருளாயினும் அதன் விளைவு பெரிது. வெளியே செல்லாமல் முழுநாளும் வீட்டுக்குள்ளே வாழும் பூனை அதன் பின்னரே பரவலாயிற்று. வாகனத்திலும் நாயிடமும் அகப்படாது, தடுப்பூசியும் பெற்று வாழும் அத்தகைய பூனை பதினைந்து ஆண்டும் அதற்கு மேலும் வாழ்வது அரிதன்று. ஆயுள் நீண்டதும் அதுவரை மறைந்திருந்த முதுமை நோய்கள் வெளிப்பட்டன. அவற்றுள் முன்னிற்பது வாய் நோய்.

1976 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிராணிப் பல் வைத்தியர்களுக்கென ஒரு சங்கமும், 1988 இல் அத்துறை நிபுணர்களுக்கென ஒரு கல்லூரியும் அமைந்தன. பாதுகாப்பான மயக்கமருந்தும் பல்லின் கதிர்ப்படமும் பூனையின் வாயை முதன்முறையாக முழுவதும் திறந்து காட்டின. அங்கே கண்டவை மனிதர் வாயிற் காண்பனவற்றினும் வேறாக இருந்தன. மனிதரை வருத்தும் சூத்தைப் பல் பூனைக்கு ஏற்படுவதில்லை என்றே சொல்லலாம். பூனையின் பல்லிற் காணும் குழிகளை முன்னையோர் சூத்தை என்று கருதினர். உண்மையில் அவை, பூனையின் சொந்த உடற்கலங்களே பல்லைக் கரைப்பதால் தோன்றுவன. முரசின் கீழே தொடங்கும் இந்நோய் கடும் நோவைத் தரும். இதன் மூலகாரணம் இன்னும் துணியப்படவில்லை. பல் துலக்குவதால் இதனைத் தடுக்க இயலாது. நோயுற்ற பல்லை நீக்குதலே பெரும்பாலும் பரிகாரம்.

ஆயின், பூனைகளுக்கு மிகுதியாக வருவது முரசு நோயே. அதன் வரலாற்றை விளக்கும் திறவுகோல் மனிதரிடமிருந்தே கிடைத்தது. 1965 ஆம் ஆண்டில் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்னும் பேராசிரியர் நல்ல முரசுடைய 12 பேரைப் பல் துலக்காதிருக்கச் செய்தார். மூன்று வாரத்துக்குள் அனைவருக்கும் முரசு சிவந்து வீங்கியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஒரு வார அளவிற் குணமாயிற்று. நோயை விளைப்பது பல்லின்மேற் படியும் நுண்ணுயிர்ப் படலம் என்பதும், அதனை நாள்தோறும் அகற்றினால் நோய் தங்காது என்பதும் ஐயமின்றி நிறுவப்பட்டன. பூனையிடத்தும் இதுவே நிகழ்கின்றது. மென்மையான அப்படலத்திலே எச்சிலின் கனிப்பொருள்கள் படிந்து, சில நாளிற் கல்போல இறுகும். அதுவே பற்காறை. முரசு வீங்கிப் பின்வாங்கும். பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். இறுதியிற் பல் ஆடி விழும்.

காட்டில் வேட்டையாடி உண்ணும் பூனைக்கு இந்நோயே இல்லையென்று நம்புவோர் பலர். அந்நம்பிக்கையைச் சோதிக்க வரலாறே ஒரு வாய்ப்பை அளித்தது. தென்னாபிரிக்காவுக்கு உரிய மரியன் என்னும் குளிர்த் தீவுக்கு 1949 ஆம் ஆண்டில் எலியைக் கட்டுப்படுத்த ஐந்து பூனைகள் கொண்டு செல்லப்பட்டன. அவை காட்டுப் பூனைகளாகிப் பல்லாயிரமாகப் பெருகிக் கடற்பறவைகளை அழித்தமையால், 1991 ஆம் ஆண்டளவில் முற்றாக அகற்றப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ 300 பூனைகளின் மண்டையோடுகளை ஆராய்ந்த முடிவு 1996 இல் வெளிவந்தது. மனிதர் கைச்சோறு அறியாத அப்பூனைகளின் பல்லிற் காறை குறைவாகவே இருந்தது. ஆயினும், பாதிக்கு மேற்பட்டவற்றில் எலும்பைத் தாக்கிய முரசு நோயின் அடையாளம் காணப்பட்டது. இயற்கை உணவு மட்டும் பல்லைக் காத்துவிடாது என்பதே இதன் பாடம். காய்ந்த உணவு மணிகளைக் கடிப்பதால் பல் துலங்கிவிடும் என்பதும் அவ்வாறான நம்பிக்கையே. சாதாரண மணி, பல்லின் நுனி பட்டவுடன் நொறுங்கிவிடும். முரசின் ஓரத்தை அது தீண்டுவதில்லை. பல் துலங்குவதற்கெனத் தனியே செய்யப்படும் உணவுகளைச் சோதித்து முத்திரை வழங்கும் சபையொன்று 1997 இல் அமெரிக்காவில் ஏற்பட்டது. அத்தகைய உணவும் துணையேயன்றித் துலக்குதலுக்கு ஈடாகாது.

ஆகவே, வீட்டாரின் கையே மருந்தாகின்றது. பாற்பற்கள் 26 உம் விழுந்து நிலைப்பற்கள் முளைத்து முடிய ஆறு மாதமளவாகும். குட்டிப் பருவமே பழக்குவதற்கு ஏற்றது. முதல் வாரத்தில், பூனை அமைதியாக மடியிற் படுத்திருக்கும்போது கன்னத்தையும் உதட்டையும் தடவிக்கொடுத்தாற் போதும். அடுத்து, உதட்டைச் சற்றே உயர்த்தி, மெல்லிய துணி சுற்றிய விரலால் வெளிப்பல்லை ஒருமுறை தேய்த்து விடலாம். அதற்கும் பழகிய பின்னரே சிறிய, மென்மயிர்த் தூரிகை. வாயைப் பிளக்க வேண்டியதில்லை. பல்லின் உட்புறத்தைப் பூனையின் சுரசுரப்பான நாக்கே ஓரளவு துடைத்துவிடுகின்றது. காறை மிகுதியாகப் படிவது மேற்கன்னப் பற்களின் வெளிப்புறத்திலேயாம். முரசும் பல்லும் சந்திக்கும் ஓரத்தில் தூரிகை படுதல் வேண்டும். ஒரு பக்கத்துக்கு அரை நிமிடம் போதும். நாள்தோறும் செய்தலே பயனுடையது. ஏனெனில், சில நாள் விட்ட படலம் கல்லாகிவிடும்.

மனிதர் பாவிக்கும் பற்பசையைப் பூனைக்குப் பாவித்தலாகாது. பூனைக்குக் கொப்பளித்துத் துப்பத் தெரியாது; அப்பசையிலுள்ள புளோரைட்டும் நுரைப்பொருளும் வயிற்றுக்குட் சென்று கேடு செய்யும். உப்பும் சோடாவும் ஆகா. பிராணிகளுக்கென விற்கப்படும் பசை கிடையாவிடின் வெறும் நீரில் நனைத்த தூரிகையே போதுமானது. இறுகிய காறையைக் கத்தியாலோ நகத்தாலோ பெயர்க்க முயலல் பெருந்தவறு. முரசின் கீழுள்ள காறையே நோயின் இருப்பிடம். மயக்கமருந்து கொடுத்து மிருக வைத்தியரே அதனை நீக்க வல்லார்.

பூனை தன் நோவைச் சொல்லாத பிராணி. காட்டு வாழ்க்கையில் நோவைக் காட்டிய பிராணி பகைக்கு இரையாகும். அப்பழக்கம் வீட்டுப் பூனையையும் விட்டபாடில்லை. பல் நோவினால் வருந்தும் பூனை, பெரும்பாலும் உண்பதை நிறுத்துவதுமில்லை. சோறும் மீனும் கலந்து வைத்த தட்டை அது வழமைபோலவே நாடி வரும். ஆகவே, குறிப்பறிதல் வேண்டும். வாயில் துர்நாற்றம், முரசின் ஓரத்தே செந்நிறக் கோடு, ஒரு பக்கத்தாலேயே மெல்லுதல், எடுத்த மீன்துண்டைக் கீழே விடுதல், முன்காலால் வாயைத் துடைத்தல், மயிரை நக்கித் துப்புரவாக்காமல் விடுதல் என்பன யாவும் அதன் மொழி. வயது முதிர்ந்தமையாற் சோர்ந்தது என்று எண்ணப்பட்ட பூனை, கெட்ட பற்கள் நீங்கியபின் மீண்டும் விளையாடத் தொடங்குவதை மருத்துவர் பலர் கண்டுள்ளனர்.

இலங்கை நேயர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் இன்றியமையாதது. விசர்நாய்க்கடி நோய் இந்நாட்டில் இன்னும் அற்றுப்போகவில்லை. அது பூனைக்கும் வரும். வாயிலிருந்து எச்சில் வடிய, விழுங்க இயலாது, குணம் மாறி நிற்கும் பூனையின் வாயைப் பல் நோவென்றெண்ணித் தொடுதல் கூடாது. பூனைக்குக் காலந்தோறும் தடுப்பூசி ஏற்றுதல் பல் துலக்குவதற்கு முற்பட்ட கடமையாகும். எப்பூனை கடித்தாலும் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

களஞ்சியத்து நெல்லையும் கப்பலின் பண்டத்தையும் கந்தோரின் கடதாசியையும் பல்லாயிரம் ஆண்டுகளாகக் காத்தது பூனையின் பல். அது காத்த தானியத்தை உண்டே மனிதர் ஊரும் நகரும் அமைத்தனர். இன்று பெரும்பாலான வீடுகளில் பூனைக்கு அத்தொழில் இல்லை. தட்டில் உணவு வருகின்றது. அது நோவில்லாமல் அவ்வுணவை உண்பதற்கு, நாளொன்றுக்கு ஒரு நிமிடமளவு நேரமும் ஒரு சிறு தூரிகையும் போதும். பழைய கடனைத் தீர்ப்பதற்கு இதனினும் எளிய வழி வேறில்லை.